செல்லுமா, செல்லாதா?

அத்தியாயம் 6

வக்கீல் உட்காரவில்லை. உதவியாளன் ஜெராக்ஸ் ஒரு நாற்காலியைத் துடைத்து இழுத்துப் போட்டும் உட்காரவில்லை. மேஜைக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருந்த நான்கடி இடத்தில் போவதும் வருவதுமாக இருந்தார்.

"சார், இன்னும் ரெண்டு நடை நடந்தீங்கன்னா தரை தேஞ்சு கீழ்வீட்டுக்காரர் மடியில போய் உக்காருவீங்க. அவரு ஏற்கெனவே எங்க மேல கடுப்புல இருக்கார்," என்றான் ஜெராக்ஸ்.

வக்கீலுக்குச் சிரிப்பு வரவில்லை. "மணி என்ன?" என்றார்.

"பத்து நாப்பது. சுவர்ல கடிகாரம் இருக்கு. உங்க கையிலயும் ஒண்ணு இருக்கு."

ஜெராக்ஸ் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. நீதிமன்ற வாசலில் பன்னிரண்டு வருடம் நகலெடுக்கும் கடை வைத்திருந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். கடையை இடித்துச் சாலையை அகலப்படுத்தியபோது இயந்திரம் பழைய இரும்புக்குப் போனது. பெயர் மட்டும் மிச்சமிருந்தது. அதோடு வந்து சேர்ந்த இடம்தான் இந்தத் துப்பறியும் அலுவலகம்.

அலுவலகத்தின் சொந்தக்காரி அதே நீதிமன்றத்தில் இருபத்திரண்டு வருடம் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவர். வக்கீல்களின் குறுக்கு விசாரணையைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், இதைவிட நானே நன்றாகக் கேட்பேன் என்று ஒருநாள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவர். அங்கே எல்லாரும் அவரைக் குறுக்கு மேடம் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே மேடம். முதுகுக்குப் பின்னால் குறுக்கு.

"அந்தக் கடிதங்களை முதல்ல கொடுங்க. அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் நடங்க," என்றார் மேடம்.

வக்கீல் கைப்பையிலிருந்து ஐந்து கடிதங்களையும், தான் எழுதிய பதில்கள் அச்சான பத்திரிகைப் பக்கங்களையும் எடுத்து வைத்தார்.

பதினோரு வருடமாக அவர் ஒரு வாரப் பத்திரிகையில் வாசகர்களின் சட்டச் சந்தேகங்களுக்குப் பதில் எழுதி வருகிறார். பக்கத்து வீட்டு மரக்கிளை என் மாடிக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது, வெட்டலாமா? வேலையை விட்டு நின்றதும் சான்றிதழைத் தர மறுக்கிறார்கள், யாரிடம் முறையிடுவது? வீட்டுக்காரர் தண்ணீரை நிறுத்திவிட்டார், என்ன செய்வது? மனிதர்களுக்கு இருக்கும் தலைவலி அத்தனையும் அந்த ஒரு பக்கத்துக்கு வந்து சேரும்.

"இந்த நாலும் கடந்த மூணு மாசத்துல வந்தது," என்றார் வக்கீல். "ஒவ்வொண்ணும் வேற வேற புனைப்பெயர். நானும் வேற வேற ஆள்னு நினைச்சுப் பதில் எழுதிட்டேன். இன்னிக்குக் காலையில அஞ்சாவது வந்ததும்தான் எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். நேரா இங்க ஓடி வந்தேன்."

மேடம் சத்தமாகப் படித்தார்.

முதல் கடிதம்: 'வயதான ஒருவரை வீட்டுக்குள் வைத்து வெளிப்பக்கம் பூட்டிவிட்டுப் போவது குற்றமா?'

இரண்டாவது: 'கையெழுத்துப் போட முடியாதவர் பெருவிரல் ரேகை வைத்தால் வீட்டுப் பத்திரம் செல்லுமா?'

மூன்றாவது: 'மருந்து மயக்கத்தில் இருப்பவரிடம் வாங்கிய ரேகை செல்லுமா?'

நான்காவது: 'பெற்றவரைப் பார்க்க விடாமல் பிள்ளைகளில் ஒருவரைத் தடுத்தால், தடுக்கப்பட்டவர் வழக்குப் போட முடியுமா?'

ஐந்தாவது இரண்டே வரி. 'வரும் வியாழன் மூன்று மணிக்கு வீட்டுப் பத்திரம் பதிவாகிறது. பதிவான பிறகு யாராவது ரத்து செய்ய முடியுமா? அதற்குமுன் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்.'

"வியாழன்னா இன்னிக்கு," என்றான் ஜெராக்ஸ். சொன்னபிறகுதான் அது அவனுக்கே உறைத்தது.

"தபால்ல தாமதமாகி இன்னிக்குத்தான் கைக்கு வந்துது. எங்கயோ ஒரு பெரியவரை அடைச்சு வெச்சு, மருந்து கொடுத்து, வீட்டை எழுதி வாங்கப் போறாங்க. அவருக்காக யாரோ எனக்கு எழுதிக்கிட்டே இருந்திருக்காங்க. நான் பத்தி பத்தியா சட்டம் சொல்லிட்டு நிம்மதியாத் தூங்கியிருக்கேன்." வக்கீல் கடைசியில் உட்கார்ந்தார். "முகவரி எதுலயும் இல்ல. கண்டுபிடிச்சுக் கொடுங்க."

மேடம் கடிதங்களை வெளிச்சத்தில் திருப்பினார். "ஒரே கைதான். ஒண்ணுல எழுத்தை வலது பக்கம் சாய்ச்சிருக்கார், இன்னொண்ணுல இடது பக்கம். அஞ்சு உறையிலயும் முத்திரை ஒரே தபால் நிலையம். வடக்குப் பக்கம், மேம்பாலத்துக்குக் கீழ இருக்கே, அது."

"அங்க ஒரு லட்சம் பேர் இருப்பாங்க மேடம். மூணு மணிக்குள்ள ஆளுக்கு ஒரு வணக்கம் சொல்லக்கூட முடியாது." பேசிக்கொண்டே ஜெராக்ஸ் ஐந்தாவது கடிதத்தை அதன் பழைய மடிப்பின்படியே மடித்தான். காகிதம் என்றால் அவன் கை சும்மா இருக்காது. மடித்தவன் நிறுத்தினான். பிரித்து மறுபடி மடித்தான். "இது கடித மடிப்பே இல்லையே."

"எப்படிச் சொல்றே?"

"கடிதம்னா ரெண்டா மடிப்பாங்க, மூணா மடிப்பாங்க. இதைப் பாருங்க. ரெண்டு பக்கமும் உள்ள திருப்பி, ஒரு முனையை இன்னொரு முனைக்குள்ள செருகி... இதுக்குள்ள பவுடர் போட்டாக்கூடச் சிந்தாது. சின்ன வயசுல எனக்குக் காய்ச்சல் வந்தா மருந்துக்கடையில மாத்திரையை இடிச்சு இப்படித்தான் பொட்டலம் கட்டிக் கொடுப்பாங்க. கை தானா மடிச்சிருக்கு. எழுத்தை மாத்தத் தெரிஞ்ச ஆளுக்கு மடிப்பை மாத்தத் தோணலை."

மேடம் அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஸ்கூட்டர் சாவியைத் தூக்கிப் போட்டார். அது அவருடைய பாராட்டு.

"வக்கீல் சார், நீங்க போனைக் கையிலயே வெச்சுக்கிட்டு இருங்க."

*

மேம்பாலத்துக்குக் கீழே இரண்டு மருந்துக்கடைகள். முதல் கடையில் குளிரூட்டியும் கண்ணாடிக் கதவும் இருந்தன. மாத்திரையை இடித்துப் பொட்டலம் கட்டித் தருவீர்களா என்று கேட்டதற்கு, அங்கிருந்த பெண் இவர்கள் போன நூற்றாண்டிலிருந்து இறங்கி வந்தவர்கள் போலப் பார்த்தாள்.

இரண்டாவது கடை தபால் நிலையத்துக்கு நேர் எதிரே, ஒற்றைக் கதவு அகலத்தில் இருந்தது. கல்லாவுக்குப் பின்னால் நாற்பத்தைந்து வயதுக் கம்பவுண்டர் ஒருவர், சிறிய பீங்கான் உரலில் எதையோ இடித்துக்கொண்டிருந்தார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. மெல்லிய குரல்.

"குழந்தைக்கா? டாக்டர் சீட்டு இருக்கா?" என்றபடியே, இடித்த பொடியை இரண்டு துண்டுக் காகிதங்களில் கொட்டி மடித்தார். இரண்டு பக்கமும் உள்ளே, முனைக்குள் முனை. ஒரு பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார். இன்னொன்றைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஜெராக்ஸ் மேடத்தின் முழங்கையை இடித்தான். மேடம் ஐந்தாவது கடிதத்தை எடுத்துக் கல்லாமேல் வைத்தார்.

"இது நீங்க எழுதினதுதானே?"

கம்பவுண்டரின் கை அப்படியே நின்றது. கடிதத்தையும் மேடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்த மனிதரின் கண்கள் நிறைந்துவிட்டன.

"யாராவது வருவாங்கன்னு தினம் வாசலைப் பார்த்துக்கிட்டே இருந்தேன்," என்றார். "எங்க அப்பாதாங்க. அவரு சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். அவரால பேனா பிடிக்க முடியாது. என் தங்கச்சி அவரைக் கூட்டிட்டுப் போய்த் தன்கூட வெச்சிருக்கா. வீட்டை எழுதி வாங்காம விடமாட்டா. இன்னிக்கு மூணு மணிக்கு அங்க பக்கத்துப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிட்டுப் போறா. நான் தடுத்தா அப்பாவை என்ன செய்வாளோன்னு பயமா இருக்கு."

"தங்கச்சி எங்க இருக்காங்க?"

தெற்குக் கோடியில், ஆறு தாண்டி, டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள் என்று அவரே சீட்டில் முகவரி எழுதிக் கொடுத்தார். வாசல்வரை வந்து ஜெராக்ஸின் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்படியாவது அவரைக் காப்பாத்துங்க தம்பி."

ஸ்கூட்டரைக் கிளப்பி இரண்டு தெரு தாண்டியதும் ஜெராக்ஸ் சொன்னான்: "பாவம் மேடம். எவ்வளவு தங்கமான மனுஷன்."

பின்னால் உட்கார்ந்திருந்த மேடம், "சட்டைப் பையில போட்ட பொட்டலம் யாருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"அவருக்கே தலைவலியா இருக்கும். நமக்கே இப்ப வருதே."

ஆற்றுப்பாலத்தில் லாரி ஒன்று பழுதாகி நின்றிருந்தது. ஒலிப்பான்கள் அலறின. ஜெராக்ஸ் ஒரு காலைத் தரையில் ஊன்றி, இன்னொரு காலால் தாளம் போட்டான். பன்னிரண்டரை. பன்னிரண்டு ஐம்பது. அவனுக்குள் ஏதோ ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. லாரியா, வெயிலா, வேறெதுவுமா என்று பிடிபடவில்லை.

*

டிரைவிங் ஸ்கூல் என்பது ஒரு காலி மைதானமும் ஒரு பழைய சிவப்புக் காரும்தான். தரையில் நட்டிருந்த குச்சிகளுக்கு நடுவே அந்தக் கார் குடித்தவன்போல வளைந்து வளைந்து வந்தது. உள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது.

"பிரேக்கு! பிரேக்குன்னா எது? நான் ஊட்டியா விடணும்?"

கார் நின்றது. வெளிறிய முகத்தோடு ஒரு மாணவர் இறங்கினார். அவருக்குப் பின்னால் கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு இறங்கினாள் கம்பவுண்டரின் தங்கை. நாற்பது இருக்கும். வெயிலில் கறுத்த கைகள்.

"உங்க அப்பாவைப் பார்க்கணும்," என்றார் மேடம்.

அவள் முகம் மாறியது. "நானும்தான் பார்க்கணும். வழி தெரிஞ்சா என்னையும் கூட்டிட்டுப் போங்க."

"அவரு உங்ககூட இல்லையா?"

"என்கூடயா? மூணு வருஷமா அண்ணன்கிட்டதான் இருக்கார். வடக்குப் பக்கம், எங்க அப்பா கட்டின வீட்டுல. அது அவரோட வீடு, அண்ணன்தான் அங்க வந்து இருக்கான். நான் போனா வாசல்லயே நிறுத்திடறான். அப்பா தூங்கறார், அப்பாவுக்கு முடியலை, நாளைக்கு வா. எத்தனை நாளைக்கு!"

"அக்கா, ஒரு நிமிஷம்," என்று ஜெராக்ஸ் குறுக்கே வந்தான். "அப்பாதான் சொல்லச் சொல்ல இந்தக் கடிதங்களையெல்லாம் எழுதினதா உங்க அண்ணன்..."

"யார் சொல்ல?"

"அப்பா."

அவள் அவனை முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூணு வருஷம் ஆச்சு. அன்னிக்குப் போன பேச்சு திரும்பலை. அம்மான்னுகூடச் சொல்ல வராது. அவரு எப்படிச் சொல்லச் சொல்ல எழுதவைப்பார்?"

மைதானத்தில் ஒரு காகம் கத்தியது. ஜெராக்ஸுக்கு, பாலத்தில் தன்னை அரித்தது என்னவென்று இப்போது தெரிந்தது. தெற்கே தங்கையிடம் இருக்கும் அப்பா சொல்லச் சொல்ல, வடக்கே இருப்பவர் எழுதினாராம். தங்கமான மனுஷன் கையைப் பிடித்துக் கும்பிட்டபோது, தன் கண் கடிதத்தில் இல்லை, அவர் கண்ணீரில் இருந்தது.

மேடம் அதற்குள் போனில் வக்கீலைப் பிடித்துவிட்டார். "சார், வடக்குப் பக்கப் பதிவு அலுவலகம். ஒரு கம்பவுண்டர், வெள்ளைச் சட்டை, சக்கர நாற்காலியில ஒரு பெரியவர். மூணு மணிக்குன்னு நம்பிடாதீங்க, முன்னாடியே வந்துடுவார். நாங்க வர்றவரைக்கும் பதிவு நடக்கக் கூடாது... எப்படியா? பதினோரு வருஷமா ஊர் உங்களைக் கேள்வி கேட்டுச்சே. இன்னிக்கு நீங்க கேளுங்க. வரிசையில நின்னு, பதிவாளரைக் கேட்டுக்கிட்டே இருங்க."

தங்கை காரின் கதவைத் திறந்துவிட்டாள். "ஏறுங்க."

*

முன்சீட்டில் உட்கார்ந்த ஜெராக்ஸின் காலடியில் இன்னொரு ஜோடி பிரேக்கும் கிளட்சும் இருந்தன. "அதுல கால் பட்டா வண்டி நின்னுடும்," என்றாள் அவள். அவன் இரண்டு முழங்காலையும் நெஞ்சுக்கு இழுத்துக்கொண்டான். கூரைமேல் 'பழகுநர்' என்று பெரிய பலகை. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் பயந்து ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"மேடம், நாம ஆம்புலன்ஸ்ல போயிருந்தாக்கூட இவ்வளவு மரியாதை கிடைச்சிருக்காது."

மேடம் பின்சீட்டில் கடிதங்களை மடியில் விரித்திருந்தார். "வக்கீலும் ஏமாந்தார். நானும் பாதி வழி ஏமாந்தேன். இதைக் கேளு. உன்னை யாராவது ஒரு அறையில போட்டுப் பூட்டினா, எனக்கு என்னன்னு எழுதுவே?"

"காப்பாத்துங்கன்னு எழுதுவேன். நாலு தடவை. பெரிய எழுத்துல."

"அதேதான். இருபத்திரண்டு வருஷம் மனுக்களைப் படிச்சிருக்கேன். அடிபட்டவன் 'நான் எங்க போகணும், யாரைப் பார்க்கணும்'னு கேப்பான். இந்த அஞ்சுல ஒண்ணுலகூட அது இல்ல. குற்றமா? செல்லுமா? வழக்குப் போட முடியுமா? ரத்து செய்ய முடியுமா? இதெல்லாம் மாட்டிக்கிட்டவனோட கேள்வி இல்ல, ஜெராக்ஸ். மாட்டிக்கக் கூடாதுன்னு நினைக்கிறவனோட கேள்வி."

தங்கை கியரை மாற்றினாள்.

"அம்மா, அப்பா இருக்கற வீட்டுல முன்னாடி வெளிப்பூட்டு இருந்துச்சா?" என்று அவளிடம் கேட்டார் மேடம்.

"இருந்துச்சு. மூணு மாசம் முன்னாடி அதைக் கழட்டிட்டு, உள்ள ஒரு அம்மாவை வேலைக்கு உக்கார வெச்சுட்டான்."

"பூட்டினா குற்றம், துணைக்கு ஆள் இருக்கணும்னு வக்கீல் பதில் எழுதின அடுத்த வாரம்." மேடம் அடுத்த கடிதத்தை எடுத்தார். "ரேகைக்கு ரெண்டு சாட்சி வேணும்னு எழுதினார். சாட்சி தயாராயிருக்கும். மயக்கத்துல வாங்கினா செல்லாது, அன்னிக்கே டாக்டர் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கணும்னு எழுதினார். காலையில தெளிவா இருக்கும்போது டாக்டர் பார்த்திருப்பார். அதுக்கப்புறம் அவரு முரண்டு பிடிக்காம இருக்கத்தான் சட்டைப் பையில இருந்த பொட்டலம்." கடிதங்களைத் தட்டி அடுக்கினார். "ஒவ்வொரு ஓட்டையா வக்கீல் அடைச்சுக் கொடுத்திருக்கார். தன்னை அறியாம."

"உங்க அப்பா என்ன வேலை பார்த்தார்?" என்று கேட்டார் மேடம்.

"துறைமுகத்துல. கிரேன் ஓட்டறவர் மேல உயரத்துல இருப்பாரில்ல, அவருக்குக் கீழ இருந்து சைகை காட்டறவர். முப்பத்தோரு வருஷம். அவரு கை அசையாம ஒரு பெட்டி தரையை விட்டுக் கிளம்பாது." அவள் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன பிரயோசனம். இப்ப அந்தக் கை சும்மா இழுத்துக்கிட்டுக் கிடக்குதாம்."

*

பதிவு அலுவலகத்தில் நிற்க இடமில்லை. உள்ளே கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் வக்கீல் நின்றிருந்தார். தலை கலைந்திருந்தது.

"...அப்படின்னா, கூட்டுச் சொத்துல ஒரு பங்குதாரர் வெளிநாட்டுல இருந்தா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"சார், இது உங்க இருபத்தாறாவது கேள்வி," என்றார் பதிவாளர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். "நீங்க நிஜமாவே வக்கீல்தானா? அடுத்த ஆள் வாங்க!"

கம்பவுண்டர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். பின்னால் இரண்டு சாட்சிகள். நாற்காலியில் இருந்த பெரியவருக்கு இஸ்திரி போட்ட சட்டை. படிய வாரிய தலை. கண்ணிமைகள் கனத்திருந்தன. ஆனால் முழுக்க மூடவில்லை. வக்கீலின் இருபத்தாறு கேள்விகள் ஒரு மணி நேரத்தை விழுங்கியிருந்தன. பொடியின் வேகமும் அந்த ஒரு மணி நேரத்தில் குறைந்திருந்தது.

எழுத்தர் மைப்பெட்டியைத் திறந்தார்.

"ஐயா, இந்த வீட்டை உங்க மகனுக்கு எழுதிக் கொடுக்க உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார் பதிவாளர்.

பெரியவரின் இடது கை நாற்காலியின் கைப்பிடியிலிருந்து எழுந்தது. பக்கவாட்டில் நீண்டது. உள்ளங்கை கீழே பார்க்க, முன்னும் பின்னும் வீசியது.

கம்பவுண்டர் அந்தக் கையை அன்போடு பிடித்து மடியில் வைத்தார். "இழுப்பு சார். பக்கவாதம் வந்ததுல இருந்து இப்படித்தான்."

கை மறுபடி எழுந்தது. அதே உயரம். அதே வீச்சு.

ஜெராக்ஸ் கூட்டத்தை முழங்கையால் பிளந்துகொண்டு முன்னால் வந்தான். "சார், ஒரு நிமிஷம்! நான் பன்னிரண்டு வருஷம் நகலெடுத்தவன். ஒரே மாதிரி ரெண்டு இருந்தா என் கண்ணு விடாது. இழுப்பு ஒரு தடவை அரை அடி வரும், ஒரு தடவை ஒரு அடி வரும். இது முதல்ல வந்ததோட அச்சு அசல் நகல். இது இழுப்பு இல்ல சார், பேச்சு!"

அவனுக்குப் பின்னால் தங்கை ஒரு சத்தம் எழுப்பினாள். அழுகையா, சிரிப்பா என்று சொல்ல முடியாது.

"நிறுத்து," என்றாள். "அப்பா 'நிறுத்து'ங்கறார். கிரேனுக்குக் காட்டற சைகை. நான் சாப்பாடு கொண்டு போய்க் கொடுக்கறப்போ தினம் பார்த்திருக்கேன். ஐயோ, மூணு வருஷமா நிறுத்து நிறுத்துன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்காரே!"

"இவ சொத்துக்காகப் பேசறா!" கம்பவுண்டரின் மெல்லிய குரல் முதல்முறையாக உயர்ந்தது. "எல்லாம் சட்டப்படி இருக்கு. சாட்சி இருக்கு. இன்னிக்குத் தேதியில டாக்டர் சான்றிதழ் இருக்கு."

"இருக்கட்டும்," என்றார் மேடம். "பதிவாளர் சார், எழுதிக் கொடுக்கிறவரைத் தனியா விசாரிக்க உங்களுக்கு அதிகாரம் இருக்கு. மகனும் வேண்டாம், மகளும் வேண்டாம். கேள்வியும் உங்களோடதாவே இருக்கட்டும்."

பதிவாளர் நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். 'சரி' என்பதற்கு என்ன சைகை என்று மகளிடம் கேட்டார். விரலை மேல்நோக்கி நீட்டிச் சின்னச் சின்ன வட்டம், 'தூக்கு' என்று அர்த்தம் என்றாள். அதன்பிறகு எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் என்ன கேட்கிறார் என்று காதில் விழவில்லை. ஜெராக்ஸ் நகத்தைக் கடித்தான். உள்ளே விரல் வட்டமிட்டது. கை வீசியது. வட்டம். வட்டம். வீச்சு. பதிவாளர் பெரியவரின் அடையாள அட்டையை ஒருமுறை பார்த்தார். அவர் முகம் மெல்ல மெல்ல இறுகியது.

வெளியே கம்பவுண்டர் சுவரில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் நின்ற வக்கீலைத் திரும்பிப் பார்த்தார். பத்திரிகையில் அந்த முகம் வாராவாரம் பதில்களுக்கு மேலே அச்சாகும்.

"நீங்க எழுதினபடிதானே சார் ஒவ்வொண்ணா செஞ்சேன்," என்றார். அதில் குத்தல் இல்லை. நிஜமான குழப்பம்தான் இருந்தது. "மூணு வருஷம் அவரைக் குளிப்பாட்டினது நான். சோறு ஊட்டினது நான். இவ வாரத்துல ஒருநாள் வந்து அழுதுட்டுப் போவா. எனக்குன்னு எதுவும் வேண்டாமா? அவரை நல்ல முதியோர் இல்லமாப் பார்த்துச் சேர்க்கத்தான் இருந்தேன்."

கதவு திறந்தது.

"பிறந்த வருஷத்தைத் தப்பாச் சொன்னேன், நிறுத்துன்னார்," என்றார் பதிவாளர். "சரியாச் சொன்னேன், தூக்குன்னார். மனைவி பேரு, வீட்டுக் கதவு எண், எல்லாம். ஒன்பது கேள்வி, ஒன்பதும் சரி. எழுதிக் கொடுக்கச் சம்மதமான்னு மூணு விதமாக் கேட்டேன். மூணு தடவையும் நிறுத்துன்னார். தினம் தூங்க மருந்து கொடுக்கறாங்களான்னும் கேட்டேன்." கம்பவுண்டரைப் பார்த்தார். "இந்தப் பத்திரத்தைப் பதிய மாட்டேன். காவல் நிலையத்துக்கும் எழுதி அனுப்பப் போறேன்."

சாட்சிகள் இருவரும் எப்போது கிளம்பினார்கள் என்று யாரும் கவனிக்கவில்லை.

தங்கை ஓடிப்போய் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டாள். "அப்பா, வாங்க. என் வீட்டுக்குப் போகலாம். இனிமே ஒருத்தனும் உங்களைத் தொட முடியாது."

பெரியவர் மகளின் கன்னத்தைத் தொட்டார். பிறகு அதே கையை நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, முன்னும் பின்னும் வீசினார்.

அவள் விக்கித்துப்போனாள். "என்மேல கோபமா அப்பா?"

அதற்கும் அதே வீச்சு.

மேடம் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"ஐயா, மகன் கூடவும் வேண்டாம். மகள் வீட்டுக்கும் வேண்டாம். நீங்க எங்கயும் போகலை. அது உங்க வீடு. நீங்க கட்டினது. அங்க நீங்க இருப்பீங்க, அவருதான் கிளம்பணும். சரியா?"

விரல் மேலே நிமிர்ந்தது. வட்டமிட்டது. நிற்கவே இல்லை.

"அப்ப நான் அங்க வர்றேன்," என்றாள் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வாசலுக்கு வெளியே நின்னாவது உங்களைப் பார்த்துக்கறேன்." அவர் விரல் இன்னும் வேகமாகச் சுற்றியது.

நாற்காலியைச் சிவப்புக் காரை நோக்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். வக்கீல் படிக்கட்டில் பின்தங்கினார். ஜெராக்ஸ் அவருக்காக நின்றான். அப்போதுதான் கம்பவுண்டர் பின்னாலேயே இறங்கி வந்தார். சலவைச் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

"சார்," என்றார், பழைய மெல்லிய குரலில். "ஒரே ஒரு சந்தேகம். பெத்த மகனை வீட்டை விட்டு வெளியே போன்னு சொன்னா, அது செல்லுமா?"

வக்கீலின் கை பழக்கத்தில் கண்ணாடியைச் சரிசெய்தது. பதில் அவர் நாக்கு நுனியில் இருப்பது ஜெராக்ஸுக்கே தெரிந்தது. பதினோரு வருடத்தில் ஒரு கேள்வியைக்கூட அவர் திருப்பி அனுப்பியதில்லை.

"வேற வக்கீலைப் பாருங்க," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.